ஒன்றரைக்கு வைத்த புள்ளி

"மேடம், கோவிச்சுக்கிடாதிய. அந்த ஆறு பீஸ் எங்க இருந்து வருது?"

பதினொரு மணி டீ இடைவேளை. கையில் பேப்பர் கப்போடு என் மேசைக்கு முன்னால் நின்று புஷ்பம் கேட்டாள். டீயில் ஆடை படிந்திருந்தது. அதை அவள் குடிக்கவே இல்லை.

அப்போது நான் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம்ஸ் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு பிரிண்டரும்தான். தையல் லைன்களுக்கு நேரக்கணக்குப் போடும் மென்பொருளை எழுதியவள் நான். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும், மணிக்கு எத்தனை பீஸ் தைக்கவேண்டும், எத்தனை தைத்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு லைனின் முனையிலும் தொங்கும் டிவியில் அது காட்டும். எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. நான்காம் லைன் ஒன்பது நாளாகச் சிவப்பிலேயே கிடந்தது.

புஷ்பம் அந்த லைனில் டைலர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கைமடியாக, அதாவது தைப்பவர்களுக்குத் துணி எடுத்துக்கொடுக்கும் உதவியாளாக வந்து சேர்ந்து, தானே மெஷினில் உட்காரும் அளவுக்குத் தேறியவள். காலர் வைத்த டி-ஷர்ட்டில் நெஞ்சுப் பக்கம் பட்டன் வரும் இடத்துக்குப் பட்டி வைப்பதுதான் அவள் வேலை.

"ஒரு சட்டைக்குப் பட்டி வைக்க ஒன்னரை நிமிசம் ஆவுது. அரை மணிக்கு இருவது சட்ட. ஒரு மணிக்கு நாப்பது. ஒங்க டிவி நாப்பத்தாறு கேக்குது. அந்த ஆறுதான் மேடம் எனக்குப் புரியல."

நான் கொங்குக்காரி. யாரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். திட்டும்போதும் அப்படித்தான்.

"கணக்குல தப்பு இல்லீங்க. உங்க கையிலதான் வேகம் இல்லீங்க" என்றேன்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த வரியை எழுதும்போது காது சூடாகிறது.

திங்கட்கிழமை

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை முதல் நான்காம் லைன் மட்டும் ஒன்றரை ஷிப்ட் இருந்து டிவி கேட்கும் கணக்கை முடிக்கவேண்டும் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் பழனிச்சாமி அண்ணன் சொல்லிவிட்டார். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்திருப்பது. அதுவரை அந்த லைனில் பலர் ஒரு ஷிப்ட் முடிந்ததும் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

புஷ்பத்துக்கு இரண்டரை வயதில் ஒரு மகள் இருந்தாள். கணவர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். பிள்ளையை விட்டுவரும் காப்பகம் ஆறு மணிக்குப் பூட்டிவிடும். ஒன்றரை ஷிப்ட் என்று வந்துவிட்டால், வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு ஊருக்குப் போவதைத் தவிர அவளுக்கு வழியில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசினேன்.

அந்த வாரத்தில் அவள் என்னிடம் வந்தது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் பேச்சு எங்கே முடிந்தது என்பதுதான் வேடிக்கை. "ஒரு பட்டிக்கு ஒங்க கம்ப்யூட்டர் எவ்வளவு நேரம் தருது மேடம்" என்று அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். நான் திரையைப் பார்த்து "ஒன்னு முப்பது" என்றேன். அவள் "அதான் ஒன்னரை" என்றாள். நான் "அதேதானுங்க" என்றேன். இருவரும் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மோட்டார் சண்டை

நேரக்கணக்கில் சண்டை போடுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல.

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. அப்பாவுக்கு இரண்டு பங்கு, பெரியப்பாவுக்கு ஒரு பங்கு. மோட்டார் ஓடும் அளவுக்குக் கரண்ட் ஒரு நாளில் ஆறு மணி நேரம் வரும். அப்பா நான்கு மணி நேரம் ஓட்டுவார், பெரியப்பா இரண்டு மணி நேரம்.

ஒருநாள் அப்பாவின் முறையில் முக்கால் மணி நேரம் கரண்ட் போய்விட்டது. நஷ்டத்தைப் பங்குப்படி பிரிக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் சம்மதம். முக்கால் மணியில் மூன்றில் இரண்டு பங்கு அரை மணி, அது எனக்கு வரவேண்டும் என்று அப்பா அரை மணி நேரம் கூடுதலாக ஓட்டிவிட்டார். பெரியப்பாவோ, அந்த அரை மணி நீ தாங்கவேண்டிய நஷ்டம், உனக்கு வரவேண்டியது கால் மணிதான் என்றார். மிச்சக் கால் மணி நேரத்துக்காக இரண்டு குடும்பமும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு கல்யாணத்தில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து, ரசத்தை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

பெரியப்பா கணக்குதான் சரி. எனக்கு அப்போதே தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குணம் சொத்தோடு சொத்தாக எனக்கும் வந்து சேர்ந்தது.

ஆறு மணியை மூன்றால் பெருக்கினால்

புரோகிராம் எழுதப் பழகும்போது எல்லோரும் தடுக்கி விழும் பள்ளம் ஒன்று உண்டு. நம் பேச்சில் கடிகாரம் காட்டுவதும் ஆறு மணி, உழைத்ததும் ஆறு மணி. இரண்டும் ஒன்றல்ல. காலை ஆறு மணியை மூன்றால் பெருக்கமுடியாது. அப்படிக் கேட்டால் பைத்தியம் என்பார்கள். ஆறு மணி நேர உழைப்பை மூன்றால் பெருக்கலாம். கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசத்தை நாம்தான் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அது பாட்டுக்குப் பெருக்கிவிட்டு, கூச்சமே இல்லாமல் ஒரு விடையை நீட்டும்.

அந்தப் பள்ளத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருந்தேன். பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் சும்மா போட்டுவைக்கவேண்டும். இழுபட்ட துணி அப்போதுதான் தன் அளவுக்கு வரும். அவசரப்பட்டு வெட்டினால் பிறகு சுருங்கும். இதற்கான நேரத்தை எட்டு மணி நேரம், மூன்று ஷிப்ட் என்று பெருக்க எழுதியிருந்தேன். விடையைக் கடிகார நேரமாக வைத்துவிட்டேன். கடிகாரத்தில் இருபத்துநான்கு ஏது? நள்ளிரவு தாண்டியதும் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். திரையில் 00:00 என்று வந்தது.

"ஏனுங்கம்மிணி, துணி தூங்கவே வேண்டாமுங்களா?" என்று கட்டிங் மாஸ்டர் சிரித்துக்கொண்டே வந்து கேட்டார். ஒரு துணியும் வெட்டப்படுவதற்கு முன்பே திருத்திவிட்டேன். அத்தோடு கால அளவு விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பும் வந்துவிட்டது. பட்டால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு ஒருமுறை பட்டது போதவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு மணி நேரம்

"கையில வேகம் இல்லன்னு சொல்லுதிய. சரி. ஒரு மணி நேரம் எங்கூட வந்து நில்லுங்க" என்றாள் புஷ்பம். குரலை உயர்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை.

பதினொன்றரைக்கு ஸ்டாப்வாட்சோடு போய் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் எந்த இடத்தில் நேரத்தை வீணாக்குகிறாள் என்று கண்டுபிடித்து, அதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போகத்தான் போனேன்.

அவள் வீணாக்கவே இல்லை. இடது கை சட்டையைத் திருப்பும்போதே வலது கை அடுத்த பட்டியை எடுத்திருக்கும். ஒரு சட்டை முடிந்து நூல் அறுபடுவதற்குள் அடுத்த சட்டை ஊசிக்கு அருகில் வந்துவிடும். ஒன்று முப்பத்தொன்று. ஒன்று இருபத்தெட்டு. ஒன்று முப்பது. ஸ்டாப்வாட்ச் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து நின்றது. அந்த ஒரு மணி நேரமும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. மெஷின் சூடும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து எனக்குத்தான் தொண்டை கமறியது.

பன்னிரண்டரைக்கு முப்பத்தொன்பது சட்டை முடிந்து, நாற்பதாவது ஊசிக்கடியில் இருந்தது.

போனில் கால்குலேட்டரைத் திறந்து, நாற்பதை 1.30 ஆல் பெருக்கினேன். 52 என்று வந்தது. ஐம்பத்திரண்டு நிமிடம். ஆனால் நான் நின்றது அறுபது நிமிடம். என் கால் வலி அதற்குச் சாட்சி. எட்டு நிமிடத்தைக் காணவில்லை. கால்குலேட்டர்மேல் சந்தேகப்பட்டு மறுபடியும் பெருக்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெருக்கினேன்.

பத்திரிகைக் கணக்கு

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் அளந்து எழுதுபவர் நாச்சிமுத்து அண்ணன். நிதானமான மனிதர். நேராக அவரிடம் போய் அவர் நோட்டைப் பிரித்தேன். பட்டி வைத்தல் என்று எழுதி, எதிரே முத்து முத்தான கையெழுத்தில் 1.30.

"அண்ணா, இது ஒன்னு புள்ளி மூணுங்களா?"

"ஒன்னரைங்க அம்மிணி. ஒரு நிமிசம் முப்பது செகண்டு. வாட்ச்ல பாத்துத்தானுங்க எழுதறேன். இதுல என்னங்க சந்தேகம்?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயே இல்லை. என் கல்யாணப் பத்திரிகையில் 'காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்' என்றுதான் அச்சடித்திருந்தது. நம் ஊரில் ஏழரை என்றால் 7.30. புள்ளிக்குப் பிறகு நிமிடம் வரும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியாது. அதற்கு ஏழரை என்றால் 7.5. ஒன்றரை என்றால் 1.5. 1.30 என்று கொடுத்தால் ஒன்றும் பத்தில் மூன்றும் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது ஒரு நிமிடம் பதினெட்டு நொடி. ஒவ்வொரு சட்டையிலும் புஷ்பத்துக்குப் பன்னிரண்டு நொடியைக் கம்ப்யூட்டர் குறைத்துவிட்டது. நாற்பது சட்டைக்கு எட்டு நிமிடம். எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆறு பீஸ்.

மற்ற லைன்களில் இது ஏன் தெரியவில்லை? அங்கெல்லாம் சாதா ரவுண்ட் நெக் பனியன். எந்த வேலையும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. கட்டத்தில் நாற்பது, ஐம்பது என்று போட்டு, அலகை நொடி என்று நாச்சிமுத்து அண்ணன் தேர்ந்தெடுத்துவிடுவார். நான்காம் லைனுக்குத்தான் காலர் சட்டை ஆர்டர் வந்தது. வேலை நிமிடத்தைத் தாண்டியது, அலகும் நிமிடமானது, புள்ளியும் வந்தது. அவரும் நானுமாகச் சேர்ந்து ஒரு லைனுக்கே ஏழரையைக் கூட்டியிருந்தோம்.

அவர் செய்தது வழக்கம். நான் செய்ததுதான் தப்பு. மனிதர்கள் நேரத்தை எப்படி எழுதுவார்கள் என்று யோசிக்காமல், ஒரே ஒரு கட்டத்தை வைத்துவிட்டு, அதில் வந்ததையெல்லாம் பெருக்கியவள் நான்தான்.

பச்சை

பழனிச்சாமி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். ஆனால் லைன் பாஷையில் யோசிப்பவர்.

"சரி பண்ணி உட்ருங்க அம்மிணி. திங்கக்கெழம ஒன்னரை ஷிப்ட் வேண்டாமுங்க. ஆனா லைன்ல போயி ஒன்னும் சொல்லீராதீங்க. ஆபீஸ் கணக்கே தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் டார்கெட்ட மதிக்கமாட்டாங்க."

எனக்கும் அது இனித்தது. தப்பைத் திருத்தலாம், ஒத்துக்கொள்ளவேண்டாம். அப்பா பிள்ளைக்கு இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்?

திருத்தத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நிமிடத்துக்கு ஒரு கட்டம், நொடிக்கு ஒரு கட்டம். நொடிக் கட்டத்தில் ஐம்பத்தொன்பதுக்கு மேல் போட்டால் வாங்காது. நிமிடத்தை அறுபதால் பெருக்கி, நொடியைக் கூட்டி, முதலில் எல்லாவற்றையும் நொடியாக்கு. பிறகு பெருக்கு, வகு, என்ன வேண்டுமானாலும் செய். மனிதருக்குக் காட்டும்போது மட்டும் நிமிடமாக மாற்று. இன்றுவரை நான் எழுதும் எந்த நேரக்கணக்கும் இப்படித்தான்.

சாப்பாட்டு மணி முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியபோது நான்காம் லைன் டிவி பச்சையாகிவிட்டது. ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒருவரும் நிமிரவில்லை. ஒன்பது நாளாகத் தங்களைத் திட்டிக்கொண்டிருந்த டிவியை யார்தான் பார்ப்பார்கள்? எல்லோரும் குனிந்தபடி அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

புஷ்பத்தின் மெஷின் காலியாக இருந்தது.

வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீஸின் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு, கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "திங்கக்கெழம இல்ல, இன்னைக்கே நின்னுக்கிடுதேன். பிள்ளைய வச்சுக்கிட்டு ராத்திரி பஸ்ஸுக்கு அலைய முடியாதுல்லா" என்று உள்ளே இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அட்டை ஜன்னலுக்குள் போவதற்குள் அவள் கையைப் பிடித்துவிட்டேன். "வாங்க" என்று மட்டும் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். லைனுக்குள் நுழைந்ததும், இருபத்தெட்டு மெஷின் போடும் சத்தத்தில் நான் என்ன கத்தினாலும் கேட்காது என்று புரிந்தது. தூணில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். நான் நகரவில்லை.

"தப்பு உங்க மேல இல்லீங்க" என்றேன். "நான் எழுதுன கணக்குலதானுங்க தப்பு. ஒன்னரை நிமிசத்த அது கம்மியா எடுத்துக்கிச்சு. ஒம்போது நாளா நீங்க சரியாத்தான் தச்சிருக்கீங்க. திங்கக்கெழம ஒன்னரை ஷிப்ட் கெடையாதுங்க. கண்டுபிடிச்சது நானில்லீங்க, புஷ்பம். நான் அவங்களத் திட்டிப்போட்டேன். அதுக்கும் மன்னிச்சுக்குங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பை ஒத்துக்கொண்டேன். பூமி பிளக்கவில்லை.

எனக்குப் பின்னால் பழனிச்சாமி அண்ணன் வந்து நிற்பது தெரிந்தது. சொல்லாதே என்றவர் அவர். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத் திரும்பினேன். அவர் அந்தப் பெண்களின் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவிட்சைத் தொடப்போன சூப்பர்வைசரின் கையைத் தடுத்தார். "பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் நான் கடமைப்பட்டவள்.

புஷ்பம் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த வெற்றிச் சிரிப்பு இல்லை. தன் லைனைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏட்டி, கேட்டியளா? நாம ஒன்னும் மெதுவா தைக்கலட்டி."

கடைசி வரிசையில் வடக்கிலிருந்து வந்த நான்கு பெண்கள் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய், தனக்குத் தெரிந்த இந்தியில், "தும் லோக் ஸ்லோ நஹி. டிவி கலத். டிவி!" என்று டிவியைக் கைகாட்டிச் சொன்னாள். நீங்கள் மெதுவில்லை, தப்பு டிவியில் என்கிறாள். அதில் ஒரு பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"அழாதட்டி. போயி மொதல்ல தண்ணி குடி" என்றாள் புஷ்பம்.

எனக்குப் புரியவில்லை. தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

"பாத்ரூம் போய்ட்டு வந்தா நாலு சட்ட போயிருதுல்லங்க. அதான், வேல முடியுற வரைக்கும், சாப்பாட்டுக்குக்கூட ஒரு மடக்குக்கு மேல யாரும் தண்ணி குடிக்கிறதில்லன்னு பேசி வச்சிருந்தோம் மேடம். ஒம்போது நாளா."

பன்னிரண்டு நொடி என்று திரையில் பார்த்தபோது எனக்கு அது ஒரு எண்ணாகத்தான் இருந்தது.

மெஷின்கள் ஓய்ந்த அந்த அமைதியில், இருபத்தெட்டுப் பேரும் எழுந்து தண்ணீர் கேனுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். குழாய் திறந்து மூடும் சத்தமும், குடிக்கும் சத்தமும் மட்டும் கேட்டன. சிலர் இரண்டாவது தடவையும் வரிசையில் வந்து நின்றார்கள்.

எல்லோரும் குடித்த பிறகு புஷ்பம் வந்தாள். அண்ணாந்து, நிறுத்தாமல் இரண்டு டம்ளர் குடித்தாள். மூன்றாவது டம்ளரைப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க மேடம். ஒரு மணி நேரமா எங்கூட நின்னியல்லா."